நோம்பி என்றால் நோன்பு

போன தீபாவளிக்கு மறுநாள் லிப்டில் நம் பிளாக் பெரியவர் ஒருவரைச் சந்தித்தேன். முகம் வாடியிருந்தது. "மூணு நாளா சர்க்கரை மாத்திரையே போடலீங்க. வீடு நெறைய ஆளுங்க, மாத்திரை டப்பாவ எங்க எடுத்து வெச்சாங்கன்னே தெரியல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த இதழ் உங்கள் போனுக்கு வரும்போது பொங்கல் நெருங்கியிருக்கும். மறுபடியும் விருந்தாளிகள், பலகாரம், பஸ் டிக்கெட், தூக்கமில்லாத இரவுகள். இதே ஊரில் நமக்கு முன்னால் இருந்தவர்கள் பண்டிகை நாட்களை எப்படிச் சமாளித்தார்கள் என்று யோசித்தபோது தோன்றியவற்றை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல். வெளியூரிலிருந்து வந்து நம் குடியிருப்பில் வசிப்பவர்கள் கவனித்திருப்பீர்கள், கொங்கு நாட்டில் பண்டிகைக்கு நோம்பி என்றுதான் பெயர். ஆடி நோம்பி, மாரியம்மன் நோம்பி, பட்டி நோம்பி. "உங்கூர்ல நோம்பி எப்பங்க?" என்று கேட்டால் திருவிழா எப்போது என்று அர்த்தம். அந்தச் சொல் நோன்பு என்பதிலிருந்து வந்தது. நோன்பு என்றால் ஒன்றைத் தவிர்ப்பது, பொறுத்துக்கொள்வது. கொண்டாட்டத்துக்கே நம் ஆட்கள் தவிர்ப்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வெறும் பெயர் இல்லை அது. பல்லடம் பக்கம் என் அம்மிச்சி ஊரில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் அடுத்த பதினைந்து நாளுக்கு ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். கோயில் முன் மூன்று கிளை பிரியும் பால்மரக் கம்பம் நடுவார்கள். விடிகாலையில் பெண்கள் ஈரத்துணியோடு போய் அதற்கு மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். சாட்டின பிறகு வெளியூர் போய் இரவு தங்கக் கூடாது, போனாலும் பொழுது சாயும்முன் திரும்ப வேண்டும். வீட்டில் எண்ணெய் காய வைத்துத் தாளிக்கக் கூடாது. அசைவம் கிடையாது. விருந்து எல்லாம் கடைசி இரண்டு நாளில்தான்.

இதே விதிகளை நீங்கள் வேறு ஓர் இடத்திலும் பார்த்திருப்பீர்கள். அம்மை போட்ட வீட்டில். வாசலில் வேப்பிலை, தாளிப்பு இல்லாத சாப்பாடு, வெளியார் வரக்கூடாது, வீட்டார் போகக்கூடாது, கடைசியில் மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரில் குளியல். பெரியம்மைக்கு மருந்தே இல்லாத காலத்தில், வெயில் ஏறி நோய் வரும் பங்குனி, சித்திரை மாதங்களில், ஊர் முழுவதையும் ஒரு அம்மை வீடு போல நடத்தியிருக்கிறார்கள் என்று நான் நினைக்கிறேன். இதனால் நோய் நின்றது என்று சொல்ல வரவில்லை. பெரியம்மையை நிறுத்தியது தடுப்பூசி. இந்தியாவில் கடைசி நோயாளி 1975-ல். உலகத்திலிருந்தே ஒழிந்தது என்று 1980-ல் அறிவித்தார்கள். ஆனால் கூட்டம் கூடும் நாட்களில் அலைச்சலையும் எண்ணெயையும் குறைக்க வேண்டும் என்ற புத்தி அந்த விதிகளுக்குள் இருந்தது.

பழைய விதிகள் கைகொடுக்காத நோய் ஒன்றும் வந்தது. 1896-ல் பம்பாயில் இறங்கிய பிளேக் சில ஆண்டுகளில் மைசூர் சமஸ்தானத்தைத் தாண்டி நம் பக்கமும் வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது ஆண்டுகளில் கோவையில் மட்டும் கிட்டத்தட்ட 20,000 பேர் அதில் இறந்ததாக நகர வரலாறு சொல்கிறது. வீட்டுக்குள் எலி செத்து விழுந்தால் கதவைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே காட்டில் கொட்டகை போட்டுக்கொண்டார்கள். பிளேக் கடும் வெயிலில் அடங்கி, குளிர் மாதங்களில் ஏறும் நோய். நாம் இன்று பண்டிகைக் காலம் என்று சொல்லும் தீபாவளி முதல் பொங்கல் வரையான நாட்களே அன்றைக்குப் பயப்பட வேண்டிய நாட்களாகவும் இருந்தன. அப்போது உறவினர் வீட்டுக்குப் போவதே ஆபத்து, ஏனென்றால் துணி மூட்டையிலும் படுக்கையிலும் தெள்ளுப்பூச்சி கூடவே வரும். சென்னை மாகாணத்தில் பிளேக் பாஸ்போர்ட் என்றே ஒன்று இருந்தது. நோயுள்ள ஊரிலிருந்து வருகிறவர் அதை வைத்துக்கொண்டு, போன ஊரில் சில நாட்கள் தினமும் அதிகாரிகளிடம் போய் உடம்பைக் காட்ட வேண்டும். இ-பாஸ் எடுத்து ஊருக்குப் போன 2020-ஐ மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்தப் பயத்தில் எழுந்த பிளேக் மாரியம்மன் கோயில்கள் கோவையில் இன்னும் இருக்கின்றன. 2021 மே மாதம் இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் கொரோனா தேவிக்குச் சிலை வைத்தபோது நாடே வேடிக்கை பார்த்தது. நம் ஊர்க்காரர்களுக்கு அது அவ்வளவு புதிதில்லை.

நோம்பியின் கணக்கை மாற்றியது நோய் இல்லை, மில். 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் பீளமேடு, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் மில்கள் பெருகின. சங்கு ஊதினால் உள்ளே போக வேண்டும், மறுபடி ஊதினால் வெளியே வர வேண்டும். பூச்சாட்டிப் பதினைந்து நாள் ஊரைவிட்டு அகலாமல் இருக்க ஷிப்டுக்காரரால் முடியுமா? 1958-ல் வந்த சட்டம் தேசிய விடுமுறைகள் தவிர ஐந்து நாள் பண்டிகை விடுமுறை தந்தது. தொழிலாளிக்கு அது பெரிய உரிமை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பதினைந்து நாளாக விரிந்திருந்த ஒன்று ஒரு நாளுக்குள் அடைபட்டது. 1965-ல் போனஸ் சட்டம் வந்தது. இன்றைக்குக் குறைந்தது 8.33 சதவீதம், அதாவது ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் அளவு. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால் பெரும்பாலும் தீபாவளியை ஒட்டித்தான் கையில் கிடைக்கும். மொத்தப் பணமும் ஒரே வாரத்தில் வருகிறது, ஒரே வாரத்தில் ஒப்பணக்கார வீதியிலும் கிராஸ்கட் ரோட்டிலும் போகிறது. அப்புறம் காந்திபுரத்திலும் சிங்காநல்லூரிலும் பஸ்ஸுக்கு இடிபாடு. நமக்கு வரும் படபடப்பில் பாதி இந்த நெருக்கத்தால் வருவது என்பது என் எண்ணம். விருந்தை மட்டும் வைத்துக்கொண்டோம், அதற்கு முன்னால் இருந்த நோன்பு நாட்களை விட்டுவிட்டோம்.

அந்தக் காலம் எல்லாமே நன்றாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். தீபாவளிக்கு முந்தின நாள் நடுச்சாமம் வரை அம்மா அடுப்பு முன் உட்கார்ந்து கச்சாயம் சுடுவார். விடிந்ததும் எங்களுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்டு, வெறும் வயிற்றில் சுக்கும் திப்பிலியும் ஓமமும் சேர்த்துக் கிளறிய லேகியம் ஒரு உருண்டை கொடுப்பார். தனக்கு எடுத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை. தீபாவளி மதியம் தலைவலியோடு அவர் சுருண்டு படுத்திருப்பதுதான் எனக்கு நினைவிருக்கும் தீபாவளி.

பொங்கல் நோம்பியில்தான் அம்மாவுக்குக் கொஞ்சம் இடம் கிடைத்தது. போகியன்று அப்பா வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலிலும் காட்டிலும் மாட்டுப் பட்டியிலும் காப்புக் கட்டுவார். மறுநாள் பொங்கல், அதற்கு மறுநாள் பட்டி நோம்பி. பட்டி வேலை ஆண்களுடையது. இந்த மூன்று நாளும் முடிந்தபின் பூப்பறிக்கிற நோம்பி. அன்றைக்குச் சமையல் கிடையாது. கட்டுச்சோறும் மிச்சமிருக்கும் பலகாரமும் எடுத்துக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் கரட்டுப் பக்கம் போய் ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார்கள். வேலை செய்த கைகளுக்கு ஒரு நாள் என்று நோம்பியின் கணக்கிலேயே எழுதி வைத்திருந்தார்கள். யாரும் விடுப்புக் கேட்க வேண்டியதில்லை.

நம் குடியிருப்பில் பொங்கலன்று கோலப்போட்டி, உறியடி, மதிய விருந்து என்று எல்லாம் வைக்கிறோம். காணும் பொங்கலன்று எதுவும் வைப்பதில்லை. அன்றைக்கு எந்த வீட்டிலும் அடுப்புப் பற்ற வைக்காமல், ஆண்கள் பொறுப்பில் கீழே புல்வெளியில் தயிர்சாதமும் ஊறுகாயும் மட்டும் போட்டால் என்ன என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப் போகிறேன். ஆவாரம்பூவுக்குக் கரட்டுக்குப் போக வேண்டாம், நம் பின்புற மதிலை ஒட்டியே ஒரு செடி நிற்கிறது. லிப்டில் பார்த்த பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரை டப்பாவை இந்த முறை பூஜை அறையில் வைத்திருக்கிறாராம்.