ஒல்லாந்தர் நாணயமும் மன்னார்க் கடலும்

கொன்கோர்டியா ரேஸ் பார்வே கிரெஸ்குந்த் என்பது ஒல்லாந்தக் குடியரசு தன் நாணயங்களிற் பொறித்த இலத்தீன் மகுட வாசகமாகும். ஒற்றுமையாற் சிறியனவும் வளரும் என்பது அதன் பொருள். 1579 இல் உத்திரெக்து நகரில் உடன்படிக்கை செய்து, ஸ்பெயின் பேரரசை எதிர்த்து நின்ற சிறு மாகாணங்களுக்கு அது மிகப் பொருத்தமானதே.

ஆனால் அவ்வாசகம் பிறந்த இடம் துயரமானது. நுமீடிய நாட்டரசன் மிக்கிப்சா, இறக்குந் தறுவாயில், தன் மைந்தர் இருவருக்கும் வளர்ப்பு மகன் யுகுர்த்தாவுக்கும் கூறிய அறிவுரையாக உரோம வரலாற்றாசிரியர் சல்லுஸ்து அதனை எழுதினார். ஒற்றுமையின்மையால் மிகப் பெரியனவும் சிதைந்தொழியும் என்பது அவ்வறிவுரையின் மறுபாதி. அறிவுரை பலிக்கவில்லை, யுகுர்த்தா மற்றை இருவரையும் கொல்வித்து நாட்டைக் கவர்ந்தான். நாணயத்தில் முற்பாதி மட்டுமே இடம்பெற்றது. நாணயத்தின் வட்டம் சிறிது என்று சமாதானங் கூறலாம் போலும்.

1658 இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனி மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. அரிப்புக் கடலின் முத்துப் பார்கள் அதன் கைக்கு வந்தன. முத்துச் சலாபக் காலத்திற் கத்தோலிக்கப் பரதவரும் இந்துக்களும் முஸ்லிம்களும் அக்கரையிற் கூடினர். குளிப்பவன் காலிற் கல்லைக் கொண்டு கடலடிக்கு இறங்குவான். படகில் நிற்பவன் கயிற்றைப் பிடித்திருப்பான். கயிறு அசைந்ததும் உடனே இழுக்கவேண்டும். கீழிருப்பவன் உயிர் மேலிருப்பவன் கையில். இலத்தீன் அறியாத அம்மக்கள் அவ்வாசகத்தின் பொருளைத் தொழிலாற் கற்றிருந்தனர்.

கும்பனியோ குளிகல்லுக்கு விதித்த வரியைச் சமயம் பார்த்து வேறுபடுத்திற்று. முஸ்லிம்களிடம் கூடுதலாக அறவிட்டது. அவ்வரியாற் பெருகிய கும்பனி அனுப்பிய வெள்ளி நாணயங்களிலும் அதே வாசகம் இருந்தது. நாணயத்துக்கு ஒரு நீதி, கடலுக்கு வேறு நீதி என்றாயிற்று. 1795 இல் மன்னார் ஆங்கிலேயர் வசமாயிற்று.

வாசகம் இன்றும் மறையவில்லை. நெதர்லாந்தில் அச்சிடப்பெறும் தூக்காத் என்னும் பொன் நாணயத்தில், ஆயுதந் தாங்கிய வீரன் உருவைச் சுற்றி அது சுருக்கெழுத்திற் காணப்படுகின்றது.

மன்னார்த் தீவில் மறுபாதியின் பொருள் 1990 ஒக்டோபரில் விளங்கிற்று. வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி வெறுமையாயிற்று. பலதலைமுறையாகக் கடலோடு பழகிய அம்மக்கள், கைக்கெட்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே கடலிற் படகேறிக் கற்பிட்டிக் கரையை நோக்கிச் சென்றனர்.