எரிமலை

எரி + மலை. 'எரி' என்பது பெயராக நின்றால் நெருப்பு. வினைப்பகுதியாக நின்றால் வினைத்தொகை. அப்போது எரிந்த மலை, எரிகின்ற மலை, எரியும் மலை என முக்காலமும் இச்சொல்லுக்குள் அடங்கும்.

அந்தமானின் பாரன் தீவு இதற்குச் சான்று: 19ஆம் நூற்றாண்டில் அடங்கிய மலை 1991இல் மீண்டும் கனன்றது.

சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலுள்ள கிரக்கத்தோவா தீவு 1883 ஆகஸ்ட் 27இல் வெடித்துச் சிதறியது. 36,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோரைக் கொன்றது கடலலை. அந்த வெடிப்பின் விளைவாக அடுத்த மாதம் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது.

1927இல் அவ்விடத்தில் புதுமலை முளைத்தது. 'கிரக்கத்தோவாவின் பிள்ளை' என்பது அதன் பெயர். 2018இல் அதுவும் சரிந்து பேரலை எழுப்பியது. இத்தகைய எரிமலைகளுக்கு இறந்தகாலம் மட்டுமே உரியதன்று.