மயக்கம் எவ்வளவு, விழிப்பு எப்போது?

கொஞ்சம் நீளமான பதிவு, நிதானமாகப் படியுங்கள்.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் ஈதர் கொடுத்து அறுவை சிகிச்சை செய்து காட்டியது பலருக்குத் தெரிந்த செய்தி. அதே மருத்துவமனையில் 123 வருஷம் கழித்து நடந்த இன்னொன்று அவ்வளவாக யாருக்கும் தெரியாது.

1953இல் ஜான் கிப்பன் என்ற அமெரிக்க மருத்துவர் இதய-நுரையீரல் இயந்திரத்தை வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். இதயத்தைத் திறந்து பழுது பார்க்க வழி பிறந்தது. ஆனால் நோயாளியைத் தூங்க வைப்பதே பெரும் ஆபத்தாக இருந்தது. அன்றைய ஹாலோத்தேனும் தயோபென்டாலும் மூளையை மயக்கும்போதே இதயத் தசையையும் தளர்த்திவிடும். வால்வு கெட்டு ஏற்கெனவே தள்ளாடும் இதயம் அதைத் தாங்காது.

பாஸ்டனில் எட்வர்ட் லோவன்ஸ்டீனும் அவருடைய சகாக்களும் ஒன்றைக் கவனித்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வென்டிலேட்டரில் இருப்பவர்களை அமைதிப்படுத்த நிறைய மார்ஃபின் கொடுத்தும் ரத்த ஓட்டம் கெடவில்லை. பிறகு தாங்கும் இதயம் முன்பே தாங்காதா? 1969இல் முடிவை வெளியிட்டார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வலிக்கு வழக்கமாகப் போடும் ஊசி 10 மில்லிகிராம் அளவு. இவர்கள் கொடுத்தது கிலோவுக்கு 1 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு ஆறு மடங்கு! அபினியிலிருந்து எடுக்கும் பழைய சரக்குதான், இதயத்துக்குப் புது வழி திறந்தது.

அதற்கு விலையும் இருந்தது. அவ்வளவு மார்ஃபின் போனால் மூச்சு நின்றுவிடும். அது கலையும்வரை, பெரும்பாலும் மறுநாள் வரை, வென்டிலேட்டர்தான். அதைவிடக் கொடுமை, மார்ஃபின் வலியை அடக்குமே தவிர நினைவை முழுதாக அழிக்காது. ஆபரேஷன் நடுவில் நடந்தது சிலருக்கு நினைவிருந்தது. எழுபதுகளின் கடைசியில் அந்த இடத்துக்கு ஃபென்டனில் வந்தது. ஆனாலும் 'ஆழமாகத் தூங்கினால் இதயத்துக்கு நல்லது' என்ற எண்ணம் மாறவில்லை.

போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப்பில், "பைபாஸ் நல்லபடியா முடிஞ்சுதுன்னாங்க, சித்தப்பா ஏன் சம்பந்தமில்லாம பேசறார்?" என்று ஒருவர் பதறினாரே, அதற்கும் பழைய வரலாறு உண்டு. 1965இல் நியூயார்க்கில் டொனால்ட் கோர்ன்ஃபெல்ட் என்ற மனநல மருத்துவர் இதய ஆபரேஷன் முடிந்தவர்களை ஆராய்ந்தார். முதல் சில நாள் தெளிவாக இருந்தவர்கள் திடீரென இல்லாததைக் கண்டார்கள், பிதற்றினார்கள். சாதாரண வார்டுக்கு மாற்றி நன்றாகத் தூங்கவிட்டதும் பலருக்குத் தெளிந்தது. ஓயாத சத்தம், இரவு பகல் தெரியாத வெளிச்சம், தூக்கம் கெடுதல் இவையெல்லாம் சேர்ந்த விளைவு என்றார். டெலிரியம் என்று இதைச் சொல்கிறார்கள். மயக்க மருந்து தூங்க வைத்தாலும் அது இயற்கைத் தூக்கம் ஆகிவிடாது. என்னைக் கேட்டால், லோவன்ஸ்டீன் கட்டுரைக்குக் கிடைத்த மரியாதையில் பாதியாவது இதற்குக் கிடைத்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளில்தான் காற்று திசை மாறியது. சீக்கிரம் கலையும் புரொப்போஃபால் கையில் இருந்தது. சில மணி நேரத்திலேயே எழுப்பிக் குழாயை எடுக்கலாம் என்றார்கள். காரணம் கருணை மட்டுமல்ல. பைபாஸ் பெருகி ஐ.சி.யு. படுக்கை போதவில்லை, செலவும் ஏறியது. எப்படியோ, சீக்கிரம் எழுந்தவர்களுக்குக் கெடுதல் வரவில்லை என்பது தெரிந்தது.

1999இல் டெக்ஸ்மெடிடோமிடின் வந்தது. கூப்பிட்டால் விழிக்கும் அளவு லேசான மயக்கம். பிதற்றலுக்கு இதுவே மருந்து என்று பலர் நம்பினார்கள். இதய ஆபரேஷன் செய்துகொண்ட கிட்டத்தட்ட 800 பேரிடம் அமெரிக்காவில் சோதித்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், அது டெலிரியத்தைக் குறைக்கவில்லை.

அதனால்தான் இன்றும் பல ஐ.சி.யு.க்களில் நர்ஸ் மருந்தைக் குறைத்துவிட்டு, "உங்க பேர் என்ன, இது எந்த ஊர்?" என்று கேட்கிறார். மூக்குக்கண்ணாடியையும் காது மெஷினையும் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்கிறார். ராத்திரியில் விளக்கைக் குறைக்கிறார்.