வீடியோக் கடையின் கணக்கு

வரலாறு என்றதும் மன்னர்தம் போர்களையும் கோட்டைகளையுமே நினைப்பது நம் வழக்கமாகிவிட்டது. தெருக்கோடியில் நின்று மறைந்த சிறு கடைக்கும் வரலாறு உண்டன்றோ? பெங்களூரில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அத்தகையதொரு கடை, திரைப்பட நாடாவை வாடகைக்கு அளித்த வீடியோக் கடையாகும்.

ஜே.வி.சி. என்னும் ஜப்பானிய நிறுவனம் 1976ஆம் ஆண்டில் வி.எச்.எஸ். நாடாவை வெளியிட்டது. 1982இல் தில்லியில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவையொட்டி நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்தது. நம்மவர் 'டெக்கு' என அழைத்த கருவியும் அதனையடுத்துப் பரவிற்று. பெங்களூர்த் தூரதர்சன் நிலையம் 1981இல் தோன்றியது. அதன் மொழி, முறைப்படியே, கன்னடம். 1993 ஏப்ரலில் சன் தொலைக்காட்சி பிறக்கும்வரை, நினைத்தபோது வீட்டிலேயே தமிழ்ப் படம் காண விழைந்தோர்க்கு வீடியோக் கடையே புகலிடம். டெக்கையும் மூன்று நாடாக்களையும் ஓரிரவுக்கு எடுத்து, செலவைப் பல வீட்டார் பகிர்ந்துகொண்டு, விடியும்வரை கண்டு களித்ததை நம் மூத்தோர் மறந்திரார்.

கடைக்காரர் நிலையோ வேறு. நாடாவின் விலை 300 ரூபாய், ஒருநாள் வாடகை 10 ரூபாய் என்று ஒரு பேச்சுக்குக் கொள்வோம். முப்பது முறை வாடகைக்குப் போனால்தான் முதல் மீளும். கடை வாடகை, மின்கட்டணம், ஆள் சம்பளம் யாவும் அதற்கு மேற்பட்டவை. புதுப்படத்தை எல்லோரும் முதல் வாரத்திலேயே கேட்பர். ஒரே பிரதி வைத்திருந்தால் வந்தவர் வெறுங்கையோடு திரும்புவர். ஐந்து பிரதி வாங்கினால் அடுத்த மாதம் நான்கு உறங்கும். உறங்கும் நாடாவில் பூஞ்சை படரும்; ஓடும் நாடாவோ தேயும். ஒருநாள் தாமதமாகத் திரும்பிய நாடா, ஒருநாள் வருவாயை விழுங்கிவிடும். தாமதக் கட்டணம் கேட்டாலோ வாடிக்கையாளர் முகம் சுளிப்பர். திருட்டுப் பிரதி எடுக்கும் சபலம் இங்கேதான் முளைத்தது. 1984ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் அத்தகு குற்றத்திற்கு மூன்றாண்டு வரை சிறை விதித்தது.

இச்சிக்கல் நம்மவர்க்கே உரியதன்று. அமெரிக்காவில் பிளாக்பஸ்டர் நிறுவனம் நாடா ஒன்றுக்குச் சுமார் 65 டாலர் கொடுத்து வந்தது. 1998இல் பட நிறுவனங்களோடு வாடகையைப் பங்கிட இசைந்தபின் முன்விலை 8 டாலர் அளவிற்கு இறங்கிற்று, பிரதிகளும் பெருகின. அவ்வளவு பெரிய நிறுவனமும் 2010இல் நொடித்தது.

நம் நகரிலேயே செவன்ட்டி எம்.எம். என்ற நிறுவனம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வீடு தேடிக் குறுந்தகடுகளை அனுப்பிப் பார்த்தது, அதுவும் நிலைக்கவில்லை. அம்முறைக்கு முன்னோடியான நெட்ஃபிளிக்சே 2023 செப்டம்பரில் தகடு அனுப்புவதை நிறுத்திக்கொண்டது.

திரும்பாத நாடா கடைக்காரருக்கு முழு நட்டம் என்பதை இன்று எழுதுகையில் சிறிது கூசுகிறது. எங்கள் வீட்டுப் பரணில் அத்தகைய நாடா ஒன்று இன்னும் கிடக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்கலாமென்றால், அக்கடை இருந்த இடத்தில் இப்போது மருந்துக் கடை இருக்கிறது.