கோப்பு இல்லாத வீரர்: மலாயாத் தோட்டத் தமிழரின் படைப்பணிச் சான்றுகள்

மலாயாவின் ரப்பர்த் தோட்டத்திலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த பாட்டனாரின் பணிக்கோப்பைத் தேடும் பேரர்கள் பலர் முதலில் இலண்டனுக்கே எழுதுகின்றனர். அங்கு அது இராது. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது சரணடைந்து, பின்னர் அவ்விராணுவத்தில் சேர்ந்த சிப்பாய்களுக்குப் பிரித்தானிய இந்தியப் படையில் முன்னரே பதிவு இருந்தது. போர் முடிந்தபின் அவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு எனத் தரம் பிரித்தனர். 1943இல் சுபாஷ் சந்திர போசின் அழைப்பை ஏற்று வந்த பால்மரத் தொழிலாளியோ முடியரசுக்கு உறுதிமொழி அளித்த சிப்பாய் அல்லர். எனவே அப்படையில் அவருக்கு எண்ணும் இல்லை, கோப்பும் இல்லை. இவ்வெறுமையைக் காட்டிக் குடும்ப நினைவைக் கட்டுக்கதை என ஒதுக்குவது ஏற்புடையதன்று.

இந்தியா திரும்பியோர்க்கு வேறொரு தடம் உண்டு. 1972இல் இந்திய அரசு தொடங்கிய விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில், அரசு ஆவணம் கிட்டாதவிடத்து உடன் சிறையிருந்தோரின் சான்றும் ஏற்கப்பட்டது. ஆதலால் முதலில் நாட வேண்டியது அவ்விண்ணப்பத்தையே. தில்லியிலுள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் இந்திய தேசிய இராணுவக் கோப்புகள் அதற்கு அடுத்தவை. பெயரை மட்டும் கொண்டு தேடுதல் போதாது. இராமசாமி என்னும் ஒரே பெயரை ஆங்கிலத்தில் பலவாறு எழுதலாம்; தந்தை பெயர் முன்னெழுத்தாய்ச் சுருங்கியிருக்கும். தோட்டத்தின் பெயரையும் பிறந்த ஊரையும் உடன் வைத்தே ஒப்பிடல் வேண்டும்.