வெயிலை வென்ற கோட்டை

இராவல் ஜெய்சல் 1156ஆம் ஆண்டில் திரிகூடக் குன்றின்மீது எழுப்பிய ஜெய்சல்மேர்க் கோட்டையில் மக்கள் இன்றும் குடியிருக்கின்றனர். பார்சுவநாதர், சம்பவநாதர் முதலிய தீர்த்தங்கரர்களின் ஆலயங்களும் அதனுள் உள்ளன. கோடையில் அங்கு வெப்பம் 45 பாகையைக் கடப்பதுண்டு. நண்பகலில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீசும்.

அவ்வெம்மையை அங்குள்ளோர் வீடு கட்டும் முறையாலேயே தாங்கினர். தெருக்களைக் குறுகலாக அமைத்தமையால் ஒரு வீட்டின் நிழல் எதிர்வீட்டுச் சுவரைக் காத்தது. மரச்சட்டங்களின்மேல் நாணலைப் பரப்பி, அதன்மேல் மண்ணைத் தடிப்பாக இட்டுக் கூரை வேய்ந்தனர். கோட்டைக்குக் கீழே ஊருக்குள், பட்வா குடும்பத்துச் சமண வணிகர் குமான் சந்து தம் மைந்தர் ஐவருக்காக 1805இல் தொடங்கிய ஐந்து மாளிகைகள் உள்ளன. அவற்றின் கல் சாளரங்களைக் கண்டு சிற்ப நுணுக்கத்தை வியப்போர் பலர். வெயிலைத் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடுவதற்காகவும் அவை குடையப்பட்டன என்பதை எண்ணுவோர் சிலரே.

நீரோ அரிதினும் அரிது. மழைநீர் தேங்கும் கடிசர் ஏரியிலிருந்து பெண்டிர் குடங்களில் சுமந்து மேட்டில் ஏறினர். அவ்வாறு வந்த நீரைச் சாவகர் இல்லங்களில் துணியால் வடித்து, அளந்தே செலவிட்டனர். ஆதலால் பெரிய கழிவுநீர் வாய்க்கால்களுக்குத் தேவையே எழவில்லை.

பிற்காலத்தில் குழாய்கள் வந்தன, விடுதிகளும் பெருகின. தாராளமாகப் பாய்ந்த நீர் குன்றின் மண்ணுக்குள் கசிந்து இறங்கியது. பல நூற்றாண்டு வெயிலுக்கு அசையாத கொத்தளங்களுள் சில இந்த ஈரத்தால் சரிந்தன. ஆலயங்களும் அதே குன்றின்மீதுதான் நிற்கின்றன.