படிக்க வாங்குவது ஈ-ரீடரா, டேப்லெட்டா?

"ஹஜ்ரத், பிள்ளை படிக்கிறதுக்கு ஒரு டேப் வாங்கிக் கொடுக்கலாமா?" ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பெற்றோர் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் இதற்கு இல்லை. யார் படிக்கப் போகிறார், எதைப் படிக்கப் போகிறார் என்ற இரண்டையும் முடிவு செய்துகொண்டு கடைக்குப் போனால் பணம் வீணாகாது.

இரண்டு திரைகளும் வேறு வேறு

டேப்லெட்டின் திரை கைப்பேசித் திரையைப் போன்றது. அதன் ஒளி நேராக நம் கண்ணை நோக்கி வருகிறது. ஈ-ரீடரில் இருப்பது 'ஈ-இங்க்' எனும் மின்தாள். அதற்குள் கறுப்பு, வெள்ளை நிறத்தில் மின்னூட்டம் பெற்ற நுண்துகள்கள் உள்ளன. மின்சாரம் எந்தத் துகளை மேலே கொண்டுவருகிறதோ அந்த நிறம் நமக்குத் தெரியும். எழுத்து உருவானபின், பக்கத்தைத் திருப்பும்வரை அதைத் தாங்க மின்சாரம் தேவையில்லை. அதனால்தான் ஈ-ரீடரில் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கிறது. டேப்லெட்டில் தொடர்ந்து படித்தால் சுமார் 10 மணி நேரம்தான்.

வெயிலில் டேப்லெட் திரை மங்கும். மின்தாளோ அச்சிட்ட தாள் போலவே தெளிவாக இருக்கும். இரவில் படிப்பதற்கு, விளிம்பில் உள்ள சிறு விளக்குகள் திரையின் மேல் ஒளியைப் பரப்பும். ஆனால் பெரும்பாலான ஈ-ரீடர்களில் வண்ணம் கிடையாது; வீடியோவும் பார்க்க முடியாது.

தமிழ் நூல்கள் கிடைக்குமா?

2007இல் வெளிவந்த கிண்டிலில் 2016 டிசம்பர் முதல் தமிழ் மின்நூல்கள் விற்கப்படுகின்றன. மதுரைத் திட்டம் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாகத் தருகிறது. ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் 'ஈபப்' வடிவிலேயே நூல்கள் உள்ளன. ஈபப் நூலில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமாகவே திரைக்கு ஏற்ப மாறிக்கொள்ளும்.

பிடிஎஃப் அப்படியல்ல. அதன் பக்கம் அச்சுப் பக்கத்தின் படம் போல நிலையானது. தமிழ் இணையக் கல்விக்கழக மின்நூலகத்திலும் இலங்கையின் நூலகம் தளத்திலும் உள்ள பழைய நூல்களில் பெரும்பாலானவை இப்படி ஸ்கேன் செய்யப்பட்டவை. தமிழக அரசின் பாடநூல்களும் பெரிய அளவு வண்ணப் பிடிஎஃப்கள்தாம். 6 அங்குல ஈ-ரீடரில் இவற்றைத் திறந்தால் எழுத்து எறும்பளவுதான் தெரியும். 604 பக்கங்கள் கொண்ட மதீனா முஸ்ஹஃபின் பிடிஎஃபுக்கும் இதே நிலைதான். தஜ்வீத் வண்ணக் குறிகளும் சாம்பல் நிறமாகிவிடும்.

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். பிளஸ் ஒன் படித்த மகளுக்கு, கண்ணுக்கு நல்லது என்று ஈ-ரீடர் வாங்கினேன். உயிரியல் படங்களில் எது தமனி, எது சிரை என்றே அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் கருவி என் உம்மாவின் கைக்குப் போனது. கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிறிய எழுத்துப் புத்தகங்களை மூடி வைத்துவிட்டவர், எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு இப்போது ஃபஜ்ருக்குப் பின் தினமும் வாசிக்கிறார். மகளுக்குப் பிறகு டேப்லெட்டே வாங்கினோம். அது ஹாலில்தான் இருக்கும், இரவில் அறைக்குள் போகாது என்பது எங்கள் வீட்டு ஒப்பந்தம்.

தூக்கமும் கவனமும்

அந்த ஒப்பந்தத்துக்குக் காரணம் உண்டு. 2014இல் வெளியான ஹார்வர்டு ஆய்வு ஒன்றில் 12 பேர் பங்கேற்றனர். தூங்கும் முன் ஐபேடில் படித்த நாட்களில், அச்சுப் புத்தகம் படித்த நாட்களைவிட அவர்கள் தூங்குவதற்குச் சுமார் 10 நிமிடம் கூடுதலாக ஆனது. மறுநாள் காலையில் சோர்வும் அதிகம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் பெற்றோர் கவனிக்க வேண்டியது. ஒளியைவிடப் பெரிய சிக்கல் கவனச்சிதறல். டேப்லெட்டில் புத்தகத்துக்குப் பக்கத்திலேயே விளையாட்டும் யூடியூபும் காத்திருக்கின்றன. ஈ-ரீடரில் படிப்பதைத் தவிரச் செய்வதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. அதன் குறையே அதன் பலம்.

வாங்கியது நம்முடையதா?

கடைகளில் காசு கொடுத்துப் பெறும் மின்நூல்களில் பெரும்பாலானவை படிக்கும் அனுமதி மட்டுமே. அச்சுப் புத்தகம் போல அவற்றை அண்டை வீட்டாருக்கு இரவல் தரவோ, மதரஸா நூலகத்துக்கு வக்ஃப் செய்யவோ முடியாது. 2009 ஜூலையில், உரிமைச் சிக்கலால் ஜார்ஜ் ஆர்வெலின் '1984' நாவலை வாங்கியவர்களின் கிண்டிலிலிருந்தே அமேசான் அழித்துவிட்டது. பிறகு அதற்காக வருத்தமும் தெரிவித்தது. வீட்டில் நிலைத்திருக்க வேண்டிய நூலை அச்சில் வாங்குவதே நல்லது.

யாருக்கு எது?

- கதை, கட்டுரை, வரலாறு என நீண்ட நேரம் வாசிப்பவர்களுக்கும், பெரிய எழுத்து தேவைப்படும் முதியவர்களுக்கும் ஈ-ரீடர்.
- பாடநூல், ஸ்கேன் செய்த நூல், வண்ணப் படம், ஓதும் ஒலிப்பதிவு தேவைப்படுபவர்களுக்கு 10 அங்குலத்துக்குக் குறையாத டேப்லெட்.
- வீட்டில் ஏற்கெனவே டேப்லெட் இருந்தால் ஒரு மாதம் அதில் வாசித்துப் பாருங்கள். ஒரு புத்தகமாவது முடிந்ததா, இல்லை வேறு எதிலாவது நேரம் போனதா என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.